இருபதுக்கு ஒன்று

மூக்கன் மாமா எனக்கு அனுப்பிய குறுஞ்செய்திகளில் சொல் என்று ஒன்று கிடையாது. எண் மட்டும்தான். 12. 0. 3. 41. காலை எட்டரைக்குப் பிறகு ஐந்து நிமிடத்துக்குள் வந்துவிடும். பொங்கலன்றும் வந்தது, அவருடைய மாமியார் இறந்த அன்றும் வந்தது, ஊரடங்கு போட்டிருந்த மாதங்களிலும் வந்தது. ஆறரை ஆண்டுகள். போன புதன்கிழமையோடு நின்றுவிட்டது. கடைசி எண் 9.

முந்தைய நாள் காலை எட்டரையிலிருந்து அன்று காலை எட்டரை வரை நரிமட்டம் தேயிலை எஸ்டேட்டில் எத்தனை மில்லிமீட்டர் மழை பெய்தது என்று சொல்லும் எண் அது.

நரிமட்டம் குன்னூரிலிருந்து பஸ்ஸில் முக்கால் மணி நேரம். நான் பிறந்தது அங்கே தொழிலாளர்களுக்கு வரிசையாகக் கட்டிய லைன் வீடு ஒன்றில்தான். என் அப்பா ஃபேக்டரியில் இலை வாட்டும் மாடியில் வேலை செய்தார். மூக்கன் மாமா எனக்கு ரத்த உறவு இல்லை. லைனில் எல்லாரையும் ஏதாவது ஒரு முறை வைத்துக் கூப்பிடுவோம், அப்படித்தான் அவர் மாமா ஆனார். முப்பத்தோரு ஆண்டுகள் கொழுந்து எடை போட்டவர். ஒல்லியாக, உயரமாக, காதுவரை இழுத்துவிட்ட கம்பளிக் குல்லாயோடு தராசுக்குப் பக்கத்தில் அவர் நிற்பதைப் பார்த்தால் தராசுக்கே இன்னொரு கால் முளைத்தது போல இருக்கும்.

மழை நாளில் கொழுந்தோடு தண்ணீரும் மூட்டையில் ஏறிவிடும். அதற்காக எடையில் கொஞ்சம் குறைத்து எழுதுவார்கள். கழிவு என்று பெயர். பக்கத்து டிவிஷனில் இருபது கிலோவுக்கு இரண்டு கழித்தார்கள், பெருமழை என்றால் மூன்று. மூக்கன் மாமா எந்த மழையிலும் இருபதுக்கு ஒன்றுதான் கழித்தார். இன்னும் கழிக்கச் சொல்லி ஃபேக்டரியிலிருந்து ஆள் வந்தாலும் அதே ஒன்று. கழிக்காதீர்கள் என்று பெண்கள் கையைப் பிடித்துக் கெஞ்சினாலும் அதே ஒன்று. நோட்டில் மூன்று கட்டம் போட்டு வைத்திருப்பார்: மொத்தம், கழிவு, நிகரம். அந்த மூன்றையும் மூட்டைக்கு உரியவள் கண் முன்னாலேயே எழுதுவார்.

அவரோடு மழைக்காலம் முழுக்கச் சண்டை போட்டவர் பேச்சியக்கா. கீழ் லைனில் கடைசி வீடு அவருடையது. புருசன் போன பிறகு மகள் செல்வியை வளர்த்து அதே லைனிலேயே கட்டிக்கொடுத்தவர். எஸ்டேட்டில் அவர் கை வேகத்துக்கு ஈடு கிடையாது, வாய்க்கும் கிடையாது.

"ஏனுங்க மூக்கண்ணா, மூட்டையில இருக்கறது மழத் தண்ணியா, என் வேர்வையா? நல்லாப் பாத்துச் சொல்லுங்க."

"ரெண்டும் கொழுந்து இல்லியே பேச்சி."

"இவரு எமன்கிட்டப் போனாலும் சும்மா இருக்க மாட்டாரு. நீ ஏறி வந்த எரும நனஞ்சிருக்குது, இருபதுக்கு ஒண்ணு கழிச்சுக்கோன்னு அவங்கிட்டயும் நோட்ட நீட்டுவாரு."

எடைக் கொட்டகையே சிரிக்கும். மூக்கன் மாமா சிரிக்காமல், "அடுத்த மூட்டை" என்பார்.

2009 நவம்பரில் நீலகிரியில் பல இடங்களில் மண் சரிந்தது. அப்போது நான் ஊட்டியில் கல்லூரியில் இருந்தேன். சாலை எல்லாம் அடைபட்டு, நான் ஊருக்கு வந்து சேர்ந்தபோது ஐந்து நாள் ஆகிவிட்டது. நரிமட்டத்தில் கீழ் லைனுக்குப் பின்னால் இருந்த சரிவு இறங்கி நான்கு வீடுகளை மூடியிருந்தது. தோண்டியவர்களில் மூக்கன் மாமாவும் ஒருவர். உள்ளே இருப்பவர்கள் மேல் மண்வெட்டி பட்டுவிடுமே என்று கடைசி இரண்டு அடியைக் கையால் தோண்டினாராம். ஒரு தாயையும் இரண்டு பிள்ளைகளையும் எடுத்தார். மூவருக்கும் உயிர் இல்லை. இதை எனக்குச் சொன்னது அவர் மனைவி மாரியாயி அத்தை. மாமா அதைப் பற்றிப் பேசி நான் கேட்டதில்லை. பிறகு பின்னால் ஒரு தடுப்புச் சுவர் எழுப்பி, கீழ் லைனை அதே இடத்தில் மறுபடி கட்டினார்கள்.

2018இல் பெங்களூரில் உள்ள ஓர் ஆராய்ச்சி நிறுவனத்திலிருந்து மழை அளக்கும் திட்டம் ஒன்று வந்தது. மலையில் மழை ஒரே மாதிரி பெய்வதில்லை. இந்தச் சரிவில் கொட்டும்போது எதிர்ச் சரிவில் வெயில் அடிக்கும். அங்கொன்றும் இங்கொன்றுமாக இருக்கும் அரசு மழைமானிகளை வைத்து ஒரு சரிவின் கதையைச் சொல்ல முடியாது. அதனால் கடைக்காரர், ஆசிரியர், தோட்டக்காரர் என்று யார் விரும்பினாலும் ஒரு மழைமானியைக் கொடுத்து, தினமும் அளந்து சொல்லச் சொன்னார்கள். குன்னூரில் பள்ளிக்கூடத்தில் புவியியல் நடத்திக்கொண்டிருந்த நான், எங்கள் பக்கத்துப் பதினான்கு மழைமானிகளுக்குப் பொறுப்பேற்றேன்.

நரிமட்டத்தில் அதை யாரிடம் கொடுப்பது என்று யோசிக்க வேண்டியிருக்கவில்லை. எட்டரை மணிக்கு எஸ்டேட்டில் யாரும் வீட்டில் இருக்க மாட்டார்கள். ஏழரைக்கு மஸ்டரில் பேர் கொடுத்து, எட்டுக்கெல்லாம் மலையில் இருப்பார்கள். அந்த மார்ச்சில்தான் மூக்கன் மாமா ரிட்டயர் ஆகியிருந்தார். அத்தைக்கு எஸ்டேட்டில் இன்னும் வேலை இருந்ததால் மேல் லைனிலேயே குடியிருந்தார்கள்.

"எதுக்கு அம்மிணி இது?" என்றார், அளவுக் குழாயைக் கையில் வாங்கிக்கொண்டு.

ஆராய்ச்சியைப் பற்றிச் சொன்னேன். அவர் முகத்தில் ஒன்றும் ஏறவில்லை. பிறகு இன்னொன்றையும் சொன்னேன். பழைய சரிவுகளையெல்லாம் பார்த்து, மூன்று நாள் மழை சேர்ந்து இருநூறு மில்லிமீட்டரைத் தாண்டினால் நம் பக்கத்துச் சரிவுகளில் ஆபத்து கூடுகிறது என்று அவர்கள் கணித்திருக்கிறார்கள். இருநூறு தாண்டினால் நான் எஸ்டேட் ஆபீசுக்குப் போன் செய்வேன். மேலே இருக்கும் பிள்ளைக் காப்பகத்தைத் திறந்து கீழ் லைன் ஆட்களை அங்கே கொண்டுவந்துவிடுவார்கள். தொரையிடம், அதாவது எஸ்டேட் மேனேஜரிடம், பேசி ஒத்துக்கொள்ள வைத்திருந்தேன்.

அவர் குழாயைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இருநூறு தாண்டுனா நீ போன் பண்ணுவே. கீழ இருக்கறவங்க மேல வந்துருவாங்க."

"ஆமாங்க மாமா."

"அப்பச் சரி. இன்னொருக்கா நான் மண்ணு தோண்ட மாட்டேன் அம்மிணி. என்னால ஆவாது."

எப்படி அளப்பது என்று காட்டினேன். எட்டரைக்குப் பார்க்க வேண்டும், கண் மட்டத்தில் வைத்துப் பார்க்க வேண்டும், பார்த்ததும் கொட்டிவிட வேண்டும். மூன்றையும் ஒரு தடவையில் பிடித்துக்கொண்டார். தராசு முள்ளையே முப்பது வருசம் பார்த்த கண். சந்தேகம் ஏதாவது உண்டா என்று கேட்டேன். இல்லை என்றார். உண்மையிலேயே அவருக்குச் சந்தேகம் ஒன்றும் இருக்கவில்லை.

மஸ்டர் கொட்டகைக்கு மேலே ஒரு திட்டில் மழைமானியை நட்டு, காட்டெருமை முட்டாமல் இருக்கக் கவாத்து வெட்டிய செடிக் குச்சிகளால் வேலி கட்டினார். காட்டெருமை வரவில்லை, குரங்கு வந்தது. ஒருநாள் புனலைக் கழற்றிக்கொண்டு போய்விட்டது. அன்று மட்டும் செய்திக்குப் பதிலாகப் போன் வந்தது.

"இன்னிக்கு எண் இல்ல அம்மிணி. கொரங்கு கொண்டுபோயிருச்சு."

"ராத்திரி நல்ல மழைதானுங்களே மாமா. ஒரு மதிப்பாச் சொல்லுங்களேன்."

"பாக்காத எடைய எழுதிப் பழக்கமில்ல" என்று வைத்துவிட்டார். சோலைக்குள் அரை நாள் தேடிப் புனலைக் கண்டுபிடித்துக்கொண்டு வந்தார்.

அவர் அதன் பிறகு வெளியூரில் ஓர் இரவு தங்கியதில்லை. தாராபுரத்தில் அத்தையின் தம்பி மகள் கல்யாணத்துக்கு அத்தை மட்டும் போனார். "கட்டிக்கிட்டு வந்த நாளா என்னைய ஒருநாள் இப்படி உத்துப் பாத்ததில்ல இந்த மனுசன்" என்று அத்தை என்னிடம் குறைப்பட்டுக்கொண்டார். "அந்தக் கொழாயப் பாரு, ஒத்தக் கண்ண மூடிட்டுப் பாக்கறாரு."

ஒரு சனிக்கிழமை நானும் அங்கே இருந்தேன். முதல் எடை போட்டுவிட்டுப் பேச்சியக்காவும் இன்னும் நாலு பெண்களும் வேலி ஓரமாக மறுபடி மலைக்கு ஏறிக்கொண்டிருந்தார்கள்.

"என்னுங்க மூக்கண்ணா, இன்னிக்கு மானம் எத்தன கிலோ?" என்று வானத்தைக் கை காட்டிக் கேட்டார் பேச்சியக்கா.

"பத்தொம்போது."

"கழிச்சதுக்கு முன்னாலயா, பொறகா?"

"கழிச்சுத்தான்."

பெண்கள் சிரித்துக்கொண்டே ஏறிப் போனார்கள். நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்பை இப்போது நினைத்துப் பார்க்கிறேன். அவர் சிரிக்கவில்லை. அவர் எப்போதும் சிரிக்க மாட்டார் என்பதால் அதை நான் கவனிக்கவில்லை.

வருசக் கடைசியில் மழை அளப்பவர்கள் எல்லாம் குன்னூரில் கூடி டீ குடிப்போம். எதிர்மலை பஜாரில் இரும்புக் கடை வைத்திருக்கும் மக்பூல் பாய் ஒவ்வொரு தடவையும் மூக்கன் மாமாவைச் சீண்டுவார். "எங்களுக்கு வந்தது போக மிச்சம் கொஞ்சம்தான் உங்க மலைக்கு வருது போலிருக்கே அண்ணே?" உண்மையிலேயே நரிமட்டத்து மொத்தம் வருசா வருசம் கொஞ்சம் குறைவாகவே இருந்தது. பெங்களூரிலிருந்து இந்தத் தரவுகளைப் பார்க்கும் கிருத்திக் என்ற இளைஞர், ஏன் என்று கேட்டு மின்னஞ்சல் அனுப்பினார். நான் பதிலில் இரண்டு சொல் எழுதினேன்: மழை மறைவு. காற்றுக்கு மறுபக்கம் இருக்கும் சரிவில் மழை குறையும் என்பது நான் ஒன்பதாம் வகுப்புக்கு நடத்துகிற பாடம். நேரில் போய் அவர் அளப்பதை ஒரு நாள் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை.

2023 நவம்பர். மூன்று காலைகள். 59. 65. 72.

மூன்றாம் நாள் கூட்டிப் பார்த்தேன். மறுபடியும் கூட்டினேன். நூற்றுத் தொண்ணூற்றாறு. மக்பூல் பாயுடையது இருநூற்றுப் பதினான்கு வந்திருந்ததால் அவர் பக்கத்துக்குப் போன் செய்து முடித்தேன். அங்கே பள்ளிக்கூடத்தைத் திறந்துவிட்டார்கள். போனை வைப்பதற்குள் மூக்கன் மாமா கூப்பிட்டார். பின்னால் தகரத்தில் மழை அறைந்துகொண்டிருந்தது.

"எத்தன ஆச்சு அம்மிணி?"

"நூத்தித் தொண்ணூத்தாறுங்க மாமா."

இருநூறிலிருந்து அதைக் கழித்துப் பார்த்தார்.

"அப்ப இன்னும் நாலு இருக்குது" என்றார்.

மழை வலுத்ததால் பதினொரு மணிக்கே கொழுந்து எடுப்பதை நிறுத்திப் பெண்களை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். கீழ் லைனில் எல்லாரும் வீட்டில் இருந்தார்கள். இரண்டே முக்கால் இருக்கும், தடுப்புச் சுவர் உடைந்து, சரிவு கடைசி மூன்று வீடுகள் மேல் இறங்கியது. இரண்டு வீட்டுக்காரர்கள் சத்தம் கேட்டு வெளியே ஓடிவிட்டார்கள். செல்வி பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வர மேலே காப்பகத்துக்குப் போயிருந்தாள். பேச்சியக்கா ஈரத் தலையைத் துவட்டிக்கொண்டு அடுப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்ததாக, கடைசியாக அவரைப் பார்த்தவர்கள் சொன்னார்கள்.

மூக்கன் மாமாவுக்கு அப்போது அறுபத்து மூன்று வயது. இருட்டுவதற்குள் பேச்சியக்காவை எடுத்துவிட்டார்கள். கடைசி இரண்டு அடியை இந்தத் தடவையும் அவர் கையால் தோண்டினார்.

அடக்கம் முடிந்த நான்காம் நாள் என் வீட்டுக்கு வந்தார். அதற்கு முன் அவர் அங்கே வந்ததில்லை. எட்டரைக்கு அளந்துவிட்டு ஒன்பதேகால் பஸ்ஸைப் பிடித்திருந்தார். நகக் கண்ணில் இன்னும் செம்மண் இருந்தது. பிளாஸ்டிக் பைக்குள்ளிருந்து ஒரு நோட்டை எடுத்து விரித்தார்.

"அம்மிணி, இதப் பாரு."

ஸ்கேல் வைத்துக் கோடு போட்ட மூன்று கட்டம். மொத்தம், கழிவு, நிகரம். 62, 3, 59. அடுத்த வரி 68, 3, 65. அதற்கடுத்தது 76, 4, 72. எனக்கு வந்த எண்கள் மூன்றும் கடைசிக் கட்டத்தில் இருந்தன.

"மாமா, இது என்னங்க, கழிவு?"

"மழையோட மூடுபனித் தண்ணியும் சேந்துதான விழுகுது? நீ மழ எத்தனன்னுதான கேட்டே. பனியும் சேத்தி எழுதுனா அது தப்பு எடையாயிரும். இருபதுக்கு ஒண்ணு. அதுக்கு மேல கழிச்சதில்ல. தகரத்துல சத்தமே கேக்காம உள்ள தண்ணி இருந்தா அது வெறும் பனி. அன்னிக்குச் சுழி."

ஒரு நல்ல எடைக்காரர் தன் வேலையை விளக்குகிற குரலில்தான் சொன்னார். சொல்லி முடித்த பிறகு குரல் இறங்கியது.

"கழிக்கோணுமா, வேண்டாமா?"

"வேண்டாங்க மாமா. உள்ள இருக்கறது அத்தனையும் கணக்குத்தான்."

அவர் விரல் முதல் கட்டத்தின் மேல் மெதுவாக இறங்கியது. உதடு அசைந்தது. வரும்போதே பஸ்ஸில் கூட்டிப் பார்த்திருப்பார், இருந்தாலும் என் முன்னால் மறுபடி கூட்டினார்.

"இருநூத்தி ஆறு."

நான் ஏதேதோ சொன்னேன். இருநூறு என்பதே ஒரு மதிப்புத்தான், நூற்றெண்பதிலும் சரிந்திருக்கிறது, இருநூற்று ஐம்பதிலும் சரியாமல் நின்றிருக்கிறது, காப்பகத்தைத் திறந்திருந்தாலும் பேச்சியக்கா சமையலைப் போட்டுவிட்டு வந்திருப்பாரா என்று யாருக்குத் தெரியும் என்றேன். எல்லாம் உண்மைதான். அவர் கேட்டுக்கொண்டிருந்தார்.

"இருநூத்தி ஆறுன்னு நான் அனுப்பியிருந்தா நீ போன் பண்ணியிருப்பியா, மாட்டியா? அத மட்டும் சொல்லு."

"பண்ணியிருப்பேன்."

நோட்டை மூடிப் பைக்குள் வைத்தார். நான் கொடுத்த டீயில் ஆடை படிந்திருந்தது.

"செல்விகிட்டச் சொல்லோணும்."

வேண்டாம் என்று எத்தனையோ விதமாகச் சொன்னேன். அவளுக்கு அதைத் தெரிந்து என்ன ஆகப் போகிறது என்றேன். கழிவைக் காட்டாமல் எழுதுகிறவன் திருடன் என்றார். அன்று சாயங்காலம் அவரோடு நானும் கீழ் லைனுக்குப் போனேன். அதையாவது நான் செய்ய வேண்டியிருந்தது.

இடிந்த மூன்று வீடுகள் போக மீதி ஒன்பது வீடுகளிலும் ஆட்கள் திரும்பிவிட்டிருந்தார்கள். வேறு போக்கிடம் இல்லை. செல்வி பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு வாசலில் நின்றாள். அவர் உட்காரவில்லை. மொத்தம் எவ்வளவு, கழிவு எவ்வளவு, நிகரம் எவ்வளவு, தகரத்தில் சத்தம் கேட்காத நாளில் என்ன எழுதினார், இருநூறு என்றால் என்ன, எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னார். அவள் முகத்தைப் பார்த்தபடியேதான் சொன்னார். பக்கத்து வீடுகளில் இருந்தவர்கள் வாசலுக்கு வந்தார்கள்.

செல்வி கத்தவில்லை.

"எங்கம்மா மூட்டையிலதான் கழிச்சீங்கன்னு நெனச்சனுங்க மாமா" என்றாள். "மானத்துலயுமா கழிச்சீங்க?"

பிறகு உள்ளே போய்த் துணித் திரையை இழுத்துவிட்டாள். அவர் திரும்பி நடந்தார். மேலே ஏறும்போது இரண்டு இடத்தில் உட்கார்ந்தார்.

ஐந்து வருச நோட்டுகளையும் அத்தை டிரங்குப் பெட்டியில் பத்திரமாக வைத்திருந்தார். படம் எடுத்துப் பெங்களூருக்கு அனுப்பினேன். குரங்கு வந்த நாள் தவிர மொத்தம் என்ற கட்டம் ஒரு நாள் விடாமல் இருந்ததால், கிருத்திக் ஒரே பிற்பகலில் எல்லாவற்றையும் திருத்திவிட்டார். இவ்வளவு ஒழுங்கான பதிவை அவர் வேறெங்கும் பார்த்ததில்லையாம். நரிமட்டம் மழை மறைவுப் பகுதி இல்லை என்பதும் தெரிந்தது. எதிர்மலையில் பெய்கிற மழைதான் இங்கேயும் பெய்திருக்கிறது. அந்த மின்னஞ்சலை மாமாவுக்குத் தமிழில் சொன்னேன்.

"அன்னிக்கு இருநூத்தி ஆறுன்னு போட்டாச்சா?"

"போட்டாச்சுங்க மாமா."

"உம்" என்றார்.

இப்போது புதிதாகச் சேர்பவர்களுக்குக் கொடுக்கும் தாளில் ஒரு வரி கூடியிருக்கிறது: அளந்ததில் எதையும் கழிக்கக் கூடாது. இதையெல்லாமா சொல்ல வேண்டும் என்று படிப்பவர்கள் நினைப்பார்கள். நானும் அப்படித்தான் நினைத்திருப்பேன்.

மழைமானியை வேறு யாரிடமாவது கொடுத்துவிடலாமா என்று ஒரு தடவை கேட்டேன். "எட்டரைக்கு வேற யாரு இருக்கறா?" என்றார். அவ்வளவுதான். மறுபடி எண்கள் வந்தன. முன்பு 0 என்று வந்துகொண்டிருந்த காலைகளில் 0.2, 0.4 என்று வர ஆரம்பித்தது. புது நோட்டில் ஒரே ஒரு கட்டம்தான் போட்டிருந்தார். வேலி ஓரமாக ஏறிப் போகும் பெண்கள் யாரும் மானம் எத்தனை கிலோ என்று கேட்கவில்லை. செல்வியும் அந்த வழியாகத்தான் போனாள். ஒரு வருசத்துக்கு மேல் அவள் அவரோடு பேசவில்லை, அவரும் அவளை எதிர்பார்த்து நின்றதில்லை. அவள் வரும் நேரத்துக்குக் குனிந்து வேலிக் குச்சிகளைச் சரிசெய்துகொண்டிருப்பார் என்று அத்தை சொன்னார்.

உடம்பு மட்டும் இறங்கிக்கொண்டே போனது. குல்லாய்க்குள் முகம் சிறுத்துவிட்டது. ஆஸ்பத்திரிக்குக் கூப்பிட்டால் எட்டரைக்குப் பிறகு வருகிறேன் என்பார். பிறகு மறந்துவிட்டது என்பார். போன புதன்கிழமை காலை 9 என்று அனுப்பினார். அன்று மாலை நாற்காலியில் உட்கார்ந்தபடியே போய்விட்டார். அத்தை காபி கொண்டுவந்து இரண்டு தடவை கூப்பிட்டிருக்கிறார்.

வியாழக்கிழமை எடுத்தோம். பனியும் மழையுமாக இருந்தது. எட்டரை மணிக்கு அவரைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தார்கள். மழைமானி எனக்கு ஞாபகம் வந்தபோது மணி பன்னிரண்டு, சுடுகாட்டில் நின்றுகொண்டிருந்தேன். அங்கிருந்து ஓடிப் போயிருக்கலாம். போகவில்லை.

வெள்ளிக்கிழமை முதல் பஸ்ஸில் போனேன். வெலிங்டன் தாண்டும்வரை இருட்டாகத்தான் இருந்தது. ஏழு மணிக்குத் திட்டில் ஏறினேன். கூடையோடு, மழைக்குக் கட்டிய பிளாஸ்டிக் படுதாவோடு, வேலிக்கு வெளியே செல்வி நின்றுகொண்டிருந்தாள். பிள்ளையைக் காப்பகத்தில் விட்டுவிட்டு மஸ்டருக்குப் போகிற வழி.

"யாரும் வரலியோன்னு பாத்தனுங்க அக்கா."

நான் தண்ணீரைக் குழாயில் ஊற்றிப் பார்த்தேன். முப்பத்தொன்று.

"ரெண்டு நாளுதுங்களா?"

"ஆமா."

"நேத்து எத்தன, இன்னிக்கு எத்தன?"

"பிரிக்க முடியாது செல்வி."

"பாதிப் பாதின்னு போட்டுக்க மாட்டாங்களா?"

"பாக்காதத எழுதக் கூடாது."

அவள் தலையை ஆட்டினாள். யாருடைய பேச்சு அது என்று அவளுக்கும் தெரியும். அத்தையிடமிருந்து நோட்டை வாங்கி வந்திருந்தேன். வியாழக்கிழமைக்கு நேராக ஒன்றும் எழுதாமல் விட்டேன். வெள்ளிக்கு நேராக, 31, இரண்டு நாள் என்று எழுதினேன். நோட்டில் அவருடைய எழுத்துக்குக் கீழே என் எழுத்து கோணலாக இருந்தது.

"நாளைக்கு யாருங்க அக்கா பாப்பாங்க?"

குன்னூரிலிருந்து என்னால் தினமும் வர முடியாது. அத்தை இரண்டு மாதத்துக்காவது தம்பி வீட்டில் இருக்கப் போவதாகச் சொல்லியிருந்தார்.

"ஒம்போது குடும்பம் கீழ இருக்கறமுங்க" என்றாள் செல்வி. "எட்டரைக்கு நான் மலையில இருப்பேன். ஏழுக்கு இந்த வழியாத்தான் போறேன்."

எட்டரை என்பதுதான் விதி. பதினான்கு பேருக்கும் ஆறரை வருசமாக நான் அதைத்தான் சொல்லி வந்திருக்கிறேன்.

"ஏழுக்கே பாரு" என்றேன். "எத்தன மணிக்குப் பாத்தேங்கறதையும் சேத்து எழுதிரு."

"கழிவு?"

"ஒண்ணும் இல்ல."

என் கையிலிருந்து குழாயை வாங்கி, கண் மட்டத்துக்கு உயர்த்தி, அதில் தண்ணீர் இல்லாதபோதே ஒரு தடவை பார்த்துக்கொண்டாள். கீழே மஸ்டர் மணி அடித்ததும் கூடையைத் தோளில் மாட்டிக்கொண்டு இறங்கிப் போய்விட்டாள்.

இன்று காலை ஏழு ஐந்துக்குப் புதிய எண்ணிலிருந்து செய்தி வந்தது.

0.6. ஏழு மணி. தகரத்துல சத்தம் இல்ல. ஆனா உள்ள இருந்துச்சு, எழுதிட்டேன்.